உன் பெயரில் திறந்திருந்த கதவு

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்துவிட்டேன். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? நீ லீவு போட்டுவிட்டு அப்பாவோடு இருக்க வந்துவிட்டாய் என்று வக்கீலம்மா சொன்னார்கள். இங்கே என்னைப் பார்க்க மட்டும் வராதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு ஃபோனை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் அழுவது எனக்கு வேண்டாம். எழுது, போதும்.

அன்றைக்கு ஃபோனில் சொன்னது பாதிதான். எங்கள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்ப்யூட்டரில் மருந்து எழுதுவார். கீழே மருந்தகத்தில் இருக்கும் நான் அளவைச் சரிபார்த்து 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் வார்டில் சிஸ்டர் மருந்தைப் போட முடியும். அன்று ஒரு அம்மாவுக்கு இரத்தத்தை இளக்கும் மருந்தை ஒரு சைபர் கூட்டிப் பத்து மடங்காக எழுதிவிட்டார்கள். டாக்டருடைய கை தவறு. அந்தத் தவறைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் என் பெயரிலேயே அனுமதி போயிருக்கிறது. மறுநாள் அந்த அம்மா போய்விட்டார்கள்.

அக்கா, அந்த மருந்து என் கண்ணிலேயே படவில்லை. நான் அப்போது அடித்தளத்தில் குளிர்ப்பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. "உன் பாஸ்வேர்டு உனக்கு மட்டும்தானே தெரியும்? அப்ப நீதான்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. கொன்றதற்கு ஒரு வழக்கு, பொய் சொன்னதற்கு ஒரு வழக்கு. ஜாமீன் தள்ளுபடி ஆகிவிட்டது.

நீ இந்த மாதிரி விஷயங்களில்தானே வேலை செய்கிறாய். ஏதாவது செய்.

உன் தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் அலுவலர் ஐயாவுக்கு முதலில் என் வணக்கம். பிறகு உனக்கு. சாப்பாடு இறங்குகிறதா? நீ வெளியே இருந்தபோதே ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்தாய். இன்னும் இளைத்தால் கம்பிக்கு நடுவிலேயே வெளியே வந்துவிடுவாய், எனக்கும் வேலை மிச்சம்.

பதினைந்து வருடமாக ஊரார் கட்டிய வெப்சைட்டுகளில் பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்று அவர்கள் அனுமதியோடு தட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்பாவுக்கு அது இன்னும் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால், "பொண்ணு பூட்டு ரிப்பேர் பண்றா" என்கிறார். ஏறக்குறைய சரிதான்.

அதனால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் கணக்கு தப்பு. பாஸ்வேர்டு உன்னிடம் மட்டும் இருந்தது என்பதால் உள்ளே போனது நீ மட்டும்தான் என்று ஆகாது. பூட்டை உடைக்காமல், சாவியைத் திருடாமல் உள்ளே போகிற வீடுகளை நான் தினமும் பார்க்கிறேன். பூட்டு வாசலில் தொங்கும், பக்கத்துச் சுவர் இடிந்து கிடக்கும்.

எனக்கு வேண்டியது இதுதான். பாஸ்வேர்டை யாரிடமாவது சொன்னாயா? எங்காவது எழுதி ஒட்டினாயா? லாகின் செய்த கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாயா? என்னிடம் வெட்கப்படாதே.

அக்கா

சாப்பிடு. தைரியமாக இரு. – அப்பா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் எழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்தக் கொக்கிக் கையெழுத்தைப் பக்கத்துப் படுக்கை டைலரிடம் கூடக் காட்டினேன். அப்பா நடக்கப் போகிறாரா? காலையில் மாத்திரை போட மறக்கிறாரா? நான் இல்லாமல் யார் ஞாபகப்படுத்துகிறார்கள்?

நீ கேட்டதற்கெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. பத்து நிமிடம் சும்மா இருந்தால் அந்த சிஸ்டமே வெளியே தள்ளிவிடும், திரும்ப உள்ளே போக இன்னொரு ஐந்து நிமிடம் சுற்றும். மருந்தகத்தில் நாங்கள் அதைத் திட்டாத நாள் கிடையாது.

நேற்று வாய்தா. அந்த அம்மாவின் மகன் இந்த முறையும் வந்திருந்தார். லாரி மெக்கானிக். நகத்தில் கிரீஸோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக் கூட்டிப் போகும்போது கிட்டே வந்து, "எங்கம்மா கையில கால்ல விழுந்து கேட்டாக்கூட உன்ன விடமாட்டேன்டா" என்றார். அம்மா உயிரோடு இல்லை என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்தது போலிருக்கிறது. அப்படியே நின்றுவிட்டார். காவலர் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சீக்கிரம் எழுது அக்கா. இங்கே கடிதம் வராத வாரம் வாரமாகவே இல்லை.

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு மாதம் எழுதாமல் விட்டதற்குத் திட்டிக்கொள். இங்கே கொஞ்சம் அலைச்சல். நான் சௌக்கியம். அப்பா ஓய்வில் இருக்கிறார்.

இதை நிதானமாகப் படி. போன வாரம் சாயங்காலம் உங்கள் மூன்றாம் மாடி வார்டில் உட்கார்ந்திருந்தேன். பெரிய சிஸ்டர் ஒரு நோயாளிக்கு மருந்து போட வந்தார். கம்ப்யூட்டரில் ஒரு ஷார்ட்கட்டை அமுக்கினார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. நேராக உன் அனுமதிப் பக்கம் திறந்தது. அவரே 'அனுமதி' கொடுத்துவிட்டு ஊசியை எடுத்தார். திரையின் மூலையில் உன் இடத்துக்கு வந்திருக்கும் புது மருந்தாளுநரின் பெயர் இருந்தது. அந்த மனிதர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதை நான் படியிலேயே பார்த்திருந்தேன்.

"சிஸ்டர், இது அவர் பேர்ல போகுதே?"

"அது எல்லாருக்கும் பொதுங்க. சிஸ்டம் போட்ட நாள்லேர்ந்து இப்படித்தான். கீழ அவர் முன்வாசல்ல போனா சுத்திக்கிட்டே இருக்கும். பேஷன்ட் வலியில கத்துவாங்க."

மேலே முகவரியைப் பார்த்தேன். அதன் கடைசியில் உன் ஊழியர் எண் இருந்தது. வீட்டில் உன் அடையாள அட்டையில் இருக்கும் அதே எண். நடந்தது இதுதான். சிஸ்டம் வந்த முதல் நாள் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நீ வார்டு கம்ப்யூட்டரில் லாகின் செய்திருக்கிறாய். நீ காட்டிய பக்கத்தை அவர்கள் அப்படியே சேமித்து வைத்துக்கொண்டார்கள். அந்தப் பக்கம் யாரிடமும் பாஸ்வேர்டு கேட்பதில்லை. முகவரியில் எந்த எண் இருக்கிறதோ அவர்தான் வந்திருக்கிறார் என்று நம்பிவிடும். வாசலில் காவலாளி எல்லோரையும் சோதிக்கிறார், உள்ளே அறைகளுக்குத் தாழ்ப்பாளே இல்லை, ஜன்னல் வழியாக வந்து 'நான்தான் மருந்தாளுநர்' என்றால், சரி வாருங்கள் என்கிறது. எங்கள் தொழிலில் மிகப் பழைய ஓட்டை இது.

அந்த எண் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்கு. நீ போனதும் அதையே புது ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழுத்தினார்கள் என்று சிஸ்டம் குறித்து வைப்பதும் இல்லை. பழைய பதிவைத் தோண்டிப் பயனில்லை. ஓட்டை இருக்கிறது என்பதை நீதிமன்றம் அனுப்பும் நிபுணர் நேரில் பார்த்தால்தான் உண்டு. அந்த முகவரியை என் லேப்டாப்பில் ஒருமுறை தட்டிப் பார்க்கட்டுமா என்று வக்கீலம்மாவிடம் கேட்டேன். "தொட்டீங்கன்னா நீங்களும் உள்ளதான். பொறுமையா இருங்க" என்றார்கள். மனு போடுகிறார்கள்.

அக்கா

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் இன்றைக்கு உண்மையாகவே நலம்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கடிதம் படிக்கும் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஏதோ தப்பாகிவிட்டது என்று போனால், "ஏம்பா, உங்கக்கா சொல்றது பேங்க் ஆப்புக்கும் பொருந்துமா?" என்று கேட்டார். பாவம், பயந்து போயிருக்கிறார்.

நான் பைத்தியமில்லை, பொய்யனுமில்லை. நடுவில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது அக்கா. நான்தான் தூக்கக் கலக்கத்தில் அழுத்தினேனோ, அழுத்தியதை மறந்துவிட்டேனோ என்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை ஆஸ்பத்திரியில் யாரிடமும் மூச்சு விடாதே. தெரிந்தால் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டு, 'அப்படி ஒன்று இருந்ததே இல்லை' என்பார்கள். எனக்கு அவர்களைத் தெரியும். நிபுணர் வரும்வரை அந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் படித்துக் காட்டினாயா? என்ன சொன்னார்? இந்த முறை அவர் ஒன்றும் எழுதவில்லையே.

தம்பி

மே 20

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? எனக்குத் தூக்கம் சரியில்லை, மற்றபடி ஒன்றுமில்லை.

மனு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் தள்ளிப்போனது. முதலில் அரசு வக்கீல் வரவில்லை. அடுத்து நிபுணரை நியமிக்கும் கோப்பு வரவில்லை. ஜூன் கடைசி என்கிறார்கள். வக்கீலம்மா பொறுமை என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

தம்பி, நீ கேட்டபடி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன வாரம் அதே வார்டில் ஒரு பெரியவருக்கு இதய மருந்து தப்பான அளவில் வந்தது. மருந்தாளுநரின் கண் பட வேண்டிய இடத்தில் யார் கண்ணும் படவில்லை. வழக்கம்போல ஷார்ட்கட்டை அமுக்கி அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஊசியில் ஏற்றிய பிறகு, வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒரு சிஸ்டர், "இவ்ளோ ஏறுமா?" என்று தயங்கினார். அந்தத் தயக்கத்தில் ஒரு உயிர் தப்பியது. அவர் தயங்காமல் இருந்திருந்தால்?

அதை எப்படி மூடுவது என்று நான் எழுதி முடித்துவிட்டேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பக்கம் எதுவாக இருந்தாலும் திறக்கும் முன் 'நீ யார்' என்று சர்வர் கேட்டாக வேண்டும். வந்தவர் சொல்லும் எண்ணை நம்பக் கூடாது. லாகினின்போது சர்வரே ஒரு சீட்டுக் கொடுக்கும், யாராலும் ஊகிக்க முடியாத சீட்டு, வெளியேறியதும் செல்லாத சீட்டு. அதை மட்டும்தான் நம்ப வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு பக்கம் எழுதுபவரும் ஞாபகம் வைத்துச் சேர்ப்பார் என்று விடக் கூடாது, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அனுமதி இல்லாத எதுவும் தானாகவே பூட்டியிருக்க வேண்டும். உயிர் போகிற மருந்துக்கு அனுமதி தரும்போது பாஸ்வேர்டை இன்னொரு முறை கேட்க வேண்டும். ஆளுக்கு ஓர் எண், எந்தக் கம்ப்யூட்டர் என்ற பதிவு. எல்லாவற்றுக்கும் மேலாக அந்த லாகினை வேகமாக்க வேண்டும். முன்வாசல் சட்டென்று திறந்தால் யார் சுவரேறப் போகிறார்கள்?

அறிக்கை என் கைப்பையில் இருக்கிறது. கொடுத்தால் உன் சாட்சி போய்விடும். கொடுக்காவிட்டால் இன்னொருவர் போகலாம். இருதலைக் கொள்ளி எறும்பாக அலைகிறேன். கொடுக்கட்டுமா?

அக்கா

மே 27

அக்காவுக்கு,

கொடுக்காதே.

நலம் விசாரிக்க மனசில்லை, மன்னித்துவிடு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், கொடுக்காதே. அந்தப் பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லைதானே? தப்பிவிட்டார்தானே? நான் தப்பவில்லை. நீ வெளியே இருந்துகொண்டு நியாயம் பேசுகிறாய், உனக்குச் சுலபம். பக்கத்துப் படுக்கை டைலர் நாலு வருடமாக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார். அவர் மகளுக்கு அவரை அடையாளமே தெரியவில்லையாம். "தலைக்கு மேல போச்சு, இனிமே சாண் என்ன முழம் என்ன" என்று சிரிக்கிறார். அப்படிச் சிரிக்க நான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஓட்டையை நான் போடவில்லை. கட்டின கம்பெனி போட்டது. பார்த்துக்கொண்டிருந்தது ஆஸ்பத்திரி. அதில் யாராவது செத்தால் அந்தப் பாவமும் என் தலையிலா? ஜூன் வரைக்கும்தானே. யாருக்கும் ஒன்றும் ஆகாது. நீ வேண்டுமானால் அந்த வார்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்.

நீ அதைக் கொடுத்தால் எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இதை எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை.

தம்பி

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே வெயில் குறைந்திருக்கிறது. உன் சைக்கிளைத் துடைத்து உள்ளே வைத்தேன்.

விசாரணை ஜூலைக்குப் போய்விட்டது. நீதிபதிக்கு இடமாற்றமாம்.

நீ எழுதியதைப் படித்தேன்.

அக்கா

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டால் நீ நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் வேறு ஒன்று கேட்கிறேன்.

உன் கடிதங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படித்தேன். சாயங்காலம் வார்டில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் அங்கே ஏழு வருடம் வேலை பார்த்தவன். பார்வையாளர் நேரம் முடிந்தால் நோயாளியோடு தங்குகிற ஒருவரைத் தவிர அந்த மாடியில் ஒரு ஈயைக்கூட விடமாட்டார்கள். நீ எப்படி உட்கார்ந்தாய்? யாரோடு தங்கினாய்? பிப்ரவரிக்குப் பிறகு அப்பாவின் வரி ஒன்றுகூட வரவில்லை. 'ஓய்வில் இருக்கிறார்' என்று ஒரே ஒரு தரம் எழுதினாய், அதற்குப் பிறகு அவர் பேச்சையே எடுக்கவில்லை.

அந்தப் பெரியவர் அப்பாதானே.

இங்கே மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பிவிட்டார்தானே என்று எழுதினேனே. என் கையாலேயே எழுதினேனே. ஏதோ ஒரு பெரியவர் என்றபோது எனக்கு உறுத்தவே இல்லை அக்கா. அந்த மெக்கானிக்குக்கும் அவர் அம்மா ஏதோ ஒரு அம்மா இல்லையே. அவ்வளவு கேவலமாகப் போய்விட்டேன்.

மூடு. இன்றைக்கே கொண்டுபோய்க் கொடு. எனக்காக ஒரு நாள்கூடத் தள்ளாதே. நான் இருந்துகொள்கிறேன். டைலர் எனக்கு பட்டன் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்.

அப்பாவுக்கு என்ன? மறைக்காமல் எழுது.

தம்பி

ஜூலை 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ உடைந்து போகாமல் இருக்கிறாயா? அதை முதலில் எழுது.

ஆமாம், அப்பாதான். மார்ச் கடைசியில் பக்கவாதம், கூடவே இதயத்திலும் கோளாறு. வலது கை வரவில்லை, பேச்சு குழறுகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று குழறிக் குழறி என்னிடம் சத்தியம் வாங்கினார். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்பாய். ஆம்புலன்ஸ் அங்கேதான் கொண்டுபோனது, பிறகு அசைக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு அந்தச் சிஸ்டர் அப்பாவின் கையைப் பிடித்தபோது நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் அந்த நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் தயங்கியதால்தான் நமக்கு அப்பா இருக்கிறார்.

அடுத்தது, உன் கடிதம் வந்தது ஏழாம் தேதி. நான் அறிக்கையைக் கொடுத்தது ஜூன் இருபத்தெட்டு. உன்னைக் கேட்காமல், நீ வேண்டாம் என்று காலில் விழுந்தும் கொடுத்துவிட்டேன். அப்பாவுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அன்று பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து படுத்தாள். அவளைக் காவல் காக்க என்னால் முடியாது. கொடுத்துவிட்டு வெளியே வந்து, உன்னை நானே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று படியில் உட்கார்ந்து அழுதேன். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் தவித்தேன். உன் 'மூடு' வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ சொன்னபடியேதான் நடந்தது. ஒரே இரவில் மூடினார்கள். மறுநாள் கம்பெனிக்காரர், "அப்படி ஒரு குறையே எப்பவும் கிடையாது, இது வழக்கமான பராமரிப்புதான்" என்று எழுத்தில் கொடுத்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள். வக்கீலம்மா முதல்முறையாகப் பொறுமை என்று சொல்லவில்லை. கோப்பைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டார்கள். நமக்குக் கையில் எதுவும் இல்லை தம்பி.

அக்கா

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

நீ பதில் போடவில்லை. கோபமா, அப்பாவை நினைத்தா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைக்கிறார். என்னைத் திட்டும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

ஜூலையும் தள்ளிப்போய், நேற்றுதான் விசாரணை. உன்னைக் கூட்டி வர வண்டி இல்லை என்றுவிட்டார்கள். அதனால் நடந்ததை நான் சொல்கிறேன்.

கதவை மூடிய மறுநாள் காலை நான் வார்டில் இருந்தேன். அந்த மாடியே நின்றுபோனது. ஷார்ட்கட்டை அமுக்கினால் பாஸ்வேர்டு கேட்டது. யாரிடமும் பாஸ்வேர்டு இல்லை. சிஸ்டர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள், பெரிய சிஸ்டர் உட்பட. அப்பாவின் மாத்திரை தாமதமாகிறதே என்று எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பதினைந்து வருடம் இதே வேலை பார்க்கும் எனக்கு அங்கே நிற்பது என்ன என்று புரியவில்லை. இரண்டு வாரம் கழித்து வக்கீலம்மாவிடம் புலம்பும்போது வாய்தவறிச் சொன்னேன். அவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திருப்பிச் சொல்லுங்க" என்றார்கள்.

பெரிய சிஸ்டரைச் சாட்சிக்கு அழைத்தார்கள். கம்பெனிக்காரர் முதலில் பேசினார். ஓட்டை இருந்ததே இல்லை என்றார். "அப்ப ஒரே நாள் காலையில மொத்த வார்டும் ஏன் பாஸ்வேர்டு கேட்டு நின்னாங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்கள். "மறந்திருப்பாங்க" என்றார். நீதிபதி பெரிய சிஸ்டர் பக்கம் திரும்பினார். அந்த அம்மா முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். வேலை போய்விடும் என்ற பயத்தில் இத்தனை மாதம் வாய் திறக்காதவர்.

"மறக்கலைங்க. எங்களுக்கு இருந்ததே இல்லைங்க."

"இவ்வளவு நாள் எப்படி வேலை செஞ்சீங்க?"

"அவர் பேர்லதாங்க. எல்லாரும். அது எல்லாருக்கும் பொதுன்னுதான் நினைச்சோம்."

கதவு திறந்திருந்தவரை நம்மால் காட்ட முடியாததை மூடியது காட்டிவிட்டது. அந்த அனுமதியைத் தந்தது நீதான் என்று சொல்ல ஆதாரம் இல்லை, விடுவிக்கிறேன் என்றார் நீதிபதி. திங்கட்கிழமைக்குள் தாள் வந்துவிடும்.

நான் குதித்திருக்க வேண்டும், இல்லையா? வெளியே வரும்போது மெக்கானிக் வழியை மறித்து நின்றார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "அப்ப எங்கம்மாவ யாருங்க கொன்னது?" என்று கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார். பெரிய சிஸ்டரிடம் கேட்டிருக்கிறார், அன்று அழுத்தியது யார் என்று அவர்களுக்கே தெரியாதாம். எந்தப் பதிவிலும் இல்லை. ஓட்டை எப்படி வந்தது, எப்படி அடைப்பது என்று அவ்வளவு எழுதினேன். அவர் கேட்டதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நான் தலை குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். அப்பாவிடம் உன்னை நன்றாகத் திட்டச் சொல், நான் வந்து மீதியை வாங்கிக்கொள்கிறேன். கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. எழுதிய தாள்களையெல்லாம் கிழித்துப் போட்டேன், அவ்வளவுதான்.

தாள் வந்துவிட்டது. நாளைக்கு விடுகிறார்கள். டைலர் என் சட்டைக்குக் காலர் திருப்பித் தைத்துக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டு அந்த மெக்கானிக்கின் பட்டறைக்குப் போகிறேன். நீ வர வேண்டாம். என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. அவர் அடித்தால் வாங்கிக்கொள்வேன். ஆறு மாதமாக வாய்தா தவறாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னை வெறுத்தார். அந்த வெறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் அந்த மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கொன்றது நான் இல்லை என்று ஆகிவிட்டது அக்கா. இனி வெறுக்கக்கூட அவருக்கு ஆள் இல்லை.

தம்பி